காரணம் தெரியாத பழுது

ஸ்கூட்டரை ஸ்டேஷன் வாசலில் பூவரச மரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். ஜீப் திரும்ப இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள், நகர்த்திவிடுகிறேன்.

உங்களுக்கு என்னைத் தெரியும். விபத்து நடந்த மறுநாள் என் அறைக்கே வந்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனீர்கள். அதில் ஒரு திருத்தம் செய்யவேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன். நடந்துகொண்டே பேசினால் பரவாயில்லையா? உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது. கொஞ்ச நாளாக இப்படித்தான். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன் என்று என் மனைவி தையலம்மாள் குறைப்பட்டுக்கொள்கிறாள்.

முறைப்படி சொல்கிறேன், ஏட்டு எழுதிக்கொள்ளட்டும். பெயர் உலகநாதன். சொந்த ஊர் பாகூர் பக்கம் சோரியாங்குப்பம். அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். இப்போது குடியிருப்பது வில்லியனூரில். திருவாண்டார்கோயிலுக்கு இந்தப்பக்கம் இருக்கும் மருந்துத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளர். தொழிற்சாலையின் ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. எல்லாவற்றையும் கேபிள் போட்டு என் அறையில் இருக்கும் பெரிய யூனிக்ஸ் இயந்திரத்தோடு இணைத்திருக்கிறோம். இந்த ஜில்லாவில் வேறெங்கும் இப்படிக் கிடையாது. எம்.டி. விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுவார். கொதிகலன் சூடு, குளிர்அறையின் குளிர், அமோனியாக் கசிவு எல்லாம் அந்தந்த இடத்திலிருந்து சிறு சிறு செய்திகளாக என் திரைக்கு வரும். அந்தச் செய்திக்குப் பாக்கெட் என்று பெயர். பாக்கெட்டைக் கேபிளிலிருந்து வாங்குவது, இயந்திரத்துக்குள் செருகியிருக்கும் கார்டு. கார்டிடமிருந்து வாங்கி, கெர்னல் என்கிற இயந்திரத்தின் உள்மையத்துக்குக் கொடுப்பது டிரைவர்.

“டிரைவர்னா யாரு சார்? அவரையும் விசாரிக்கணுமா?” என்று ஏட்டு கேட்கிறார். நல்ல கேள்விதான். டிரைவர் ஆள் இல்லை, ஒரு நிரல். கம்ப்யூட்டருக்கு எழுதித் தருகிற கட்டளைகள். அந்த டிரைவரை எழுதியவன் நான்.

விலைக்கு வாங்கியிருக்கலாம், வேண்டாம் என்று நானே எழுதினேன். எம்.டி. எல்லார் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, “நம்ம உலகநாதன் மூளை ஒன்னு போதும்பா” என்றார். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நிலைமை உங்களுக்குப் புரியவேண்டும்.

முதல் வருடத்திலேயே பாக்கெட்டுகள் விழ ஆரம்பித்தன. விழுவது என்றால், அனுப்பிய இடத்தில் அனுப்பியதாக இருக்கும், என் திரைக்கு வந்திருக்காது. எப்போதும் இல்லை. மத்தியானம் ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் அதிகம். அந்த நேரத்தில் எல்லாக் கொட்டகைகளும் தங்கள் கணக்கை ஒரே சமயத்தில் அனுப்பும். ஒருநாள் குளிர்அறையில் குளிர் குறைந்த செய்தி விழுந்துபோய், ஒரு முழுத் தயாரிப்பு மருந்து கெட்டுப்போனது. எம்.டி. கூப்பிட்டுக் கேட்டார். கேபிள் இணைப்பு சரியில்லை என்றேன். கேபிள் போட்டவர் பச்சையப்பன், அரியாங்குப்பத்துக்காரர், சுத்தமான வேலைக்காரர். அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து, “சார், நான் போட்ட ஜாயின்ட்ட நீங்களே பிரிச்சுப் பாருங்க சார்” என்றார். பிரித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் அவர் போக உத்தரவு ஆகிவிட்டது. உத்தரவை மாற்றச் சொன்னால் குழப்பம் வரும்.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை. கேபிளை மாற்றினோம், விழுந்தது. கார்டை மாற்றினோம், விழுந்தது. வெல்டிங் மெஷினைத் தள்ளி வைத்தோம். வெயில் நேரத்தில் கேபிளுக்குமேல் ஓலை போட்டு மூடச் சொன்னேன். ஆட்கள் சிரித்திருப்பார்கள். வீட்டில் பாதிக் குளியலில் ஏதாவது தோன்றும், ஈரத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். எல்லாவற்றையும் பார்த்தேன், டிரைவரைத் தவிர. டிரைவரில் பார்க்க ஒன்றுமில்லை, அது என் கையால் எழுதியது.

அல்போன்சா வேலைக்குச் சேர்ந்தது இந்த வருடம்தான். வில்லியனூர் மாதா கோயில் தெருவில் இருக்கும் அருள்சாமியின் மகள். அருள்சாமிக்குக் கொஞ்சம் நிலம், டவுனில் ஒரு கிடங்கில் வேலையும் உண்டு. மகளை இன்ஜினியரிங் படிக்கவைத்து, “உங்க கைக்குக் கீழ வைச்சு ஆளாக்கி வுடுங்க சார்” என்று என்னிடமே கொண்டுவந்து விட்டார். கெட்டிக்காரப் பெண். சத்தமாகச் சிரிப்பாள். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள், கேட்டுவிட்டு அவள் இஷ்டப்படி யோசிப்பாள்.

ஒருநாள் காலை என் மேஜைக்கு வந்து நின்றாள். தூங்காத கண், ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சார், கேபிள் இல்ல சார். டிரைவர்தான்.”

“என்ன டிரைவர்?”

“ரெண்டு பாக்கெட் பக்கத்துல பக்கத்துல வந்தா கார்டு ஒரு தடவதான் கூப்புடுது சார். நம்ம டிரைவர் வந்து ஒன்ன மட்டும் எடுத்துட்டுப் போயிடுது. இன்னொன்னு அங்கேயே கெடக்கு. அப்படியே சேந்து சேந்து கார்டுல எடம் ரொம்பிட்டா, அதுக்கப்புறம் வர்றதெல்லாம் கீழதான் சார்.”

ஏட்டுக்குப் புரியும்படி சொன்னால், தபால்காரர் இரண்டு கடிதங்களை வைத்துவிட்டு ஒருமுறை மணி அடிக்கிறார். வீட்டுக்காரர் வந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார். அவ்வளவுதான். எடுக்க வந்தவர், பெட்டி காலியா என்று ஒருதடவை பார்த்திருந்தால் போதும். அதற்கு மூன்று வரி எழுதவேண்டும். அவள் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். ஒரு பார்வையிலேயே சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“யோசிக்கிறேன்” என்றேன்.

“சார், அப்ப பச்சையப்பன் அண்ணன் மேல தப்பே இல்லல்ல? அவர திரும்பக் கூப்புடச் சொல்லலாமா?”

அவள் சேருவதற்கு முன்பே போனவர் பச்சையப்பன். அவரை அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு போட வந்தாராம், பேசியிருக்கிறார்கள். அவள் எழுதிய தாளை நான் மடித்து வைத்ததைப் பார்த்து அவள் என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள்.

“எம்.டி. கிட்ட நீங்களே சொல்லுங்க சார். நாம ரெண்டு பேரும் சேந்து கண்டுபுடிச்சோம்னு சொல்லிக்கலாம்.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்ததாக எழுதவேண்டாம். கோபம் வரவில்லை. அன்று முழுக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பெண், என் பிழையைக் கண்டுபிடித்ததில் எனக்கே பாதிப் பங்கு தருகிறாள். அதை எந்தக் கையால் வாங்குவது என்று தெரியவில்லை.

அவள் திருத்திய புது டிரைவரைச் சோதித்துப் பார்க்காமல் எம்.டி.யிடம் போகமுடியாது என்றேன். அது நியாயமான பேச்சுதான், அவளும் ஒப்புக்கொண்டாள். அதிகம் விழுவது ஷிப்ட் மாறும் நேரம், மிக முக்கியமான செய்தி அமோனியாக் கசிவு. ஆகவே அமோனியாக் குளிர்பதன அறையில், ஷிப்ட் மாறும் நேரத்தில், கசிவு காட்டும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால்வைத் துளி திறந்து மூடுவது, செய்தி என் திரைக்கு வருகிறதா என்று பார்ப்பது. இந்த ஏற்பாடு என்னுடையது. அறைக்கு நான் போவதாகத்தான் முதலில் பேச்சு. அவள்தான், “அந்த வாடையில நீங்க எதுக்கு சார், ஸ்கிரீன நீங்க பாருங்க. நான் அங்கிருந்து போன்ல கேக்கறேன்” என்றாள். சோதனைக்காக அபாய ஊதல் தானாக ஊதாதபடி பிரித்துவைத்தோம். அதை ஊதவேண்டுமானால் என் மேஜைமேல் ஒரு பொத்தான் இருந்தது. ஊதினால் வாசலில் இருக்கும் தீயணைப்பு ஆட்கள் முகமூடியோடு ஓடிவருவார்கள்.

வால்வைத் திறக்க அவளோடு சிங்காரவேலு போனார். அந்த அறையை வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்பவர்.

என் அறையில் அந்த நேரம் யாரும் இல்லை. என் பிரிவில் வேலைபார்க்கும் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தொலைபேசி அடித்தது.

“தொறந்து மூடியாச்சு சார். வந்துச்சா?”

“வர்ல” என்றேன்.

“வர்லியா சார்?” என்றாள். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது. “இன்னொரு தடவ பாக்கறேன் சார்.”

இரண்டாம் முறையும் வரவில்லை என்றேன். வாயு போதவில்லையோ, கருவிக்கு எட்டவில்லையோ என்று அவளே காரணம் தேடினாள். இன்னும் கொஞ்சம் அதிகமாக, இன்னும் கொஞ்சநேரம் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். சிங்காரவேலு பின்னாலிருந்து பேசுவது எனக்குக் கேட்டது. “இன்னாமா, பழைய வால்வுமா இது. சும்மா சும்மா திருவுனா தாங்காதுமா. இதோட வுட்டுடலாம்.” அவள், “ஒரே ஒரு தடவண்ணா” என்றாள்.

மூன்றாம் முறை வால்வின் கழுத்து பிடுங்கிக்கொண்டது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சிங்காரவேலு தவழ்ந்து வெளியே வந்துவிட்டார். அல்போன்சா வரவில்லை.

நீங்கள் விசாரணை செய்தீர்கள். புது டிரைவர் செய்தியைக் கீழே விட்டுவிட்டது, செய்தி வராததால் நான் ஊதல் பொத்தானை அழுத்தவில்லை, வாயு வந்தது தெரியாமல் வால்வை அதிகம் திறந்தார்கள் என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டீர்கள். டிரைவரை மாற்றியது அந்தப் பெண்தான் என்றும் எழுதிக்கொண்டீர்கள். வால்வைத் திருகிய கை என்று சிங்காரவேலுவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே கைது செய்தீர்கள். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் அவருக்காக வந்தேன் என்று எழுதவேண்டாம். அது உண்மையாக இருக்காது.

திரையில் என்ன இருந்தது என்று நீங்கள் என்னை ஒருதடவைகூடக் கேட்கவில்லை. தலைமைப் பொறியாளரே செய்தி வரவில்லை என்றால் வரவில்லைதான். தப்பு உங்களுடையது அல்ல.

முதல்முறை வந்தது. அவள் தொலைபேசியை எடுப்பதற்கு முன்பே திரையில் வந்து நின்றது. அன்று ஒருநாள் யோசிக்க எனக்கு அவகாசம் வேண்டியிருந்தது, அதனால் வரவில்லை என்றேன். மறுநாள் ஏதாவது ஒரு வரியை நான் மாற்றி, இப்போது வருகிறது என்று சொல்லியிருப்பேன். யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டாம் முறையும் வந்தது. முதலில் வரவில்லை என்று சொன்ன பிறகு இரண்டாவதை வந்தது என்றால், ஏன் ஒன்று வந்து ஒன்று வரவில்லை என்று அவள் குடைய ஆரம்பிப்பாள். அவள் அப்படிப்பட்ட பெண். ஆகவே அதையும் வரவில்லை என்றேன். ஒவ்வொரு படியாகப் பார்த்தால் நான் அளவுக்கு மீறி ஒன்றும் செய்யவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். கோயிலுக்குள் உட்கார முடியாமல் வெளியே நின்றிருந்தேன். அருள்சாமி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எம்பொண்ணு தப்பா எழுதிட்டாளா சார்?” என்று கேட்டார். “சின்ன வயசுதானே, அனுபவம் போதல” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். “உங்க பேர கெடுத்துட்டாளே சார்” என்று அவர் அழுதார்.

பிறகு மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணரை எம்.டி. வரவழைத்தார். இளவயதுக்காரர், பேசமாட்டார். அல்போன்சா எழுதிய டிரைவரைப் போட்டு, எல்லாக் கொட்டகைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைக் கொட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. கேபிளைச் சூடாக்கிப் பார்த்தார். ஷிப்ட் மாறும் நேரத்தில் பார்த்தார். விழவில்லை. என் பழைய டிரைவரைப் போட்டார், உடனே விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒருதரம் மட்டும், “அன்னைக்கி ஸ்கிரீன்ல நிஜமாவே எதுவும் வரலியா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் சோதிக்கப் போய்விட்டார்.

நான் அவருக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன். அவர் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் தேடினார். அப்புறம், அன்றைய பாக்கெட்டுகள் விழுந்ததற்குக் காரணம் தெரியவில்லை, தெரியவும் வழியில்லை என்று எம்.டி.யிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதிலிருந்துதான் எனக்கு இந்தக் கால் பரபரப்பு. வண்டியை எடுத்துக்கொண்டு பாகூர் போகிறேன், அங்கிருந்து சோரியாங்குப்பம், அப்பாவின் கரும்புக் கொல்லையைச் சுற்றிவிட்டு இறங்காமலே திரும்புகிறேன். அப்பா வரப்பில் நின்று, “இன்னாடா, வந்த காலோட போற” என்று கத்துகிறார். எங்கேயும் நிற்க முடியவில்லை. காரணம் தெரியாத பழுது என்று ஒன்று கிடையாது, சார். என்னிடம் வேலைக்கு வந்த எல்லாருக்கும் முதல்நாள் அதைத்தான் சொல்வேன், அல்போன்சாவுக்கும் சொன்னேன். படித்த ஒருவர் வந்து, என் இயந்திரத்தில் காரணம் தெரியாத பழுது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. வால்வு பிடுங்கிக்கொண்டதும் தொலைபேசி அறுந்துவிட்டது என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அது அறுந்துபோகவில்லை. பெரிய சத்தம் கேட்டது, சிங்காரவேலு “ஓடிவாமா” என்று அலறியது கேட்டது. அவள் ஓடவில்லை, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு வாயு வந்தபிறகு செய்தி வந்தே தீரவேண்டும் என்று நினைத்திருப்பாள். இருமிக்கொண்டே கேட்டாள்.

“சார், இப்ப வருதா?”

திரையில் ஒரு வரிக்குக் கீழே ஒரு வரியாக நிரம்பிக்கொண்டிருந்தது. பொத்தான் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அப்போது அழுத்தினால், செய்தி வந்துகொண்டுதான் இருந்தது என்று ஆகிவிடும். இரண்டுமுறை வரவில்லை என்று சொன்னவன் மூன்றாவதில் எப்படி அழுத்துவது?

“இன்னும் வர்லமா” என்றேன். “கொஞ்சம் இரு.”

இருந்தாள். மறுபடியும் கேட்டாள், வார்த்தை முழுதாக வரவில்லை. நான் அதே பதிலைச் சொன்னேன். பிறகு தொலைபேசி எதன்மேலோ இடித்துத் தொங்கும் சத்தம். அதற்குப் பிறகும் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. வாசலில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டபிறகு இயந்திரத்தை அணைத்துத் திரும்பப் போட்டேன், திரை சுத்தமாகிவிட்டது.

அவள் எழுதிய டிரைவரில் பிழை இல்லை. ஒரு பாக்கெட்கூட விழவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அருள்சாமிக்கும் இது தெரியவேண்டும். நீங்கள் ஆள் அனுப்பவேண்டாம், என்னையே ஒருதரம் வில்லியனூருக்கு அழைத்துப்போங்கள். நான் சொன்னால்தான் அவர் நம்புவார். என்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.